மாலைதீவில் அம்மா கேட்டது தண்ணீரைப் பற்றி

அக்கா ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தால் அவரோடு இருந்து கதைக்க எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. வாசலில் செருப்புக் குறையாது. காலைத் தேத்தண்ணிக்கு முதலே ஒன்றுவிட்ட மாமா வந்துவிடுவார், அவர் எழும்ப அப்பாவோடு அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்தவர் வருவார், மத்தியானம் நல்லூர், பின்னேரம் ஒரு கல்யாண வீடோ செத்த வீடோ, இரவில் யாருக்கு எந்தப் பொதி என்று பிரிக்கிற வேலை. திரும்பிப் போகிற அன்று வான் வந்து நிற்கும்போதுதான் அம்மா "உன்னோட ஒண்டும் கதைக்கேல்லையே பிள்ளை" என்பார். அதற்குள் சூட்கேஸ் ஏறிவிடும்.

அம்மாவுக்குக் கனடா விசா மறுபடியும் கிடைக்கவில்லை என்று தெரிந்த இரவு அக்கா போனில் சொன்னார்: "ஒருத்தரும் வரேலாத இடமாப் பார்த்து நாங்கள் மூண்டு பேரும் போய் இருப்பம்." நான் கசூரினா கடற்கரைப் பக்கம் எங்காவது ஒரு வீடு எடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். காரைநகரில் எங்களுக்கு எத்தனை வீட்டுச் சொந்தம் என்று அக்காவே எண்ணிக் காட்டினார். சரி, மாலைதீவு என்று முடிவானது.

எங்களுக்கு இதைவிட லேசான வெளிநாடு இல்லை என்பது உண்மை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் போய் இறங்கியதும் 30 நாள் விசா, காசும் இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் பறந்தால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க போகிற இரவு பஸ்தான் பயணத்தின் நீளமான பகுதி. இராசராசச் சோழனின் மெய்க்கீர்த்தியில் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" என்று வருகிற தீவுகள் இவைதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். உண்மையில் தீவுகள் சுமார் 1,200. அவற்றில் ஊர் உள்ளவை 200 அளவில். மிச்சத்தில் நூற்றுக்கு மேற்பட்டவை ரிசோர்ட்டுகள், ஒரு தீவுக்கு ஒரு ரிசோர்ட் என்ற கணக்கில். முதலாவது ரிசோர்ட் 1972இல் தலைநகர் மாலே பக்கத்தில் குரும்பா என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நாடு வெளியில் விற்றது மாசிக் கருவாடும் சோகியும்.

காசு முழுவதும் அக்காவினுடையது. ஒரு இரவுக்கான வாடகை என் நாலைந்து மாதச் சம்பளம், அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 17 சதவீதம் வரி, ஆளுக்கு இரவுக்கு 12 டொலர் பசுமை வரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போகிற எல்லாவற்றுக்கும் இந்தக் காசு அடியில் கிடக்கிறது.

தைப்பூசம் முடிந்த கையோடு போனோம். விமான நிலையமே ஒரு தனித் தீவு, ஹுலுலே. அங்கிருந்து சீபிளேன். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் அது பறக்கும், பின்னேரம் பிந்தி வந்து இறங்குகிறவர்கள் மாலேயில் ஒரு இரவு தங்கித்தான் போகவேண்டும். பொதி ஆளுக்கு 20 கிலோ. அம்மாவின் பையில் எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, ஒடியல்மா, அக்காவுக்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூள். தராசில் வைத்தபோது அளவு சரியாக இருந்தது. அம்மா வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துத்தான் கட்டியிருந்தார். விமானி செருப்பில்லாமல் வெறுங்காலோடு ஏறினார். கீழே பார்த்தால் நீலத் தண்ணீரில் யாரோ பச்சைக் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்தது போல வட்டம் வட்டமாகப் பவளப்பாறைகள். ஒரு காலத்தில் அங்கே எரிமலைகள் இருந்தன, அவை மெல்ல மெல்லத் தாழ்ந்துபோக அவற்றைச் சுற்றி வளர்ந்த பவளம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருந்தது, மலை மறைந்தபின் வளையம் மட்டும் மிஞ்சியது என்று டார்வின் 1842இல் எழுதினார். பிறகு துளையிட்டுப் பார்த்தவர்களும் அவர் சொன்னதை உறுதிப்படுத்தினார்கள். நான் இதை அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருக்க அம்மா கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார்.

விமானத்துக்கு அம்மா பயப்படவில்லை. பயந்தது அதற்குப் பிறகு ஏறவேண்டியிருந்த படகுக்கு. சீபிளேன் கடலில் மிதக்கிற ஒரு பலகைத் தட்டில் கொண்டுபோய் விட்டது, ரிசோர்ட்டின் படகு அங்கே வந்து ஏற்றியது, பத்து நிமிடம்கூட இல்லாத ஓட்டம். அம்மா நடுவில் இருந்தார், என் கையை விடவில்லை. அம்மா பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவில். அங்கே பிறந்தவர்களுக்குப் படகென்றால் என்ன என்று அக்காவுக்கும் எனக்கும் தெரியும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், ஒரு கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அம்மா அப்போது திருமணமாகி யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தப் படகில் அடிக்கடி வந்துபோன ஒருவர் அவர். அதற்குப் பிறகு எந்தப் படகிலும் ஓரத்தில் இருக்கமாட்டார், கடைசிப் படகில் ஏறமாட்டார்.

இறங்குதுறையில் குளிர்ந்த துவாயும் இளநீரும் கொடுத்தார்கள். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தச் சொன்னார்கள், மாலே நேரம் வேறு, தீவின் நேரம் வேறு. விருந்தினர்களுக்குப் பின்னேர வெயில் கொஞ்சம் கூடக் கிடைக்கட்டும் என்று பல ரிசோர்ட்டுகள் இப்படிச் செய்கின்றன. எங்கள் வீடு கடற்கரையில், தாழையும் பூவரசும் அடர்ந்த ஒரு வளைவில். பக்கத்து வீடு தெரியாது. கதவைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. குளியலறைக்குக் கூரை இல்லை, நாலு பக்கமும் மதில், நடுவில் ஒரு தென்னை, அதன் அடியில் சவர்.

அக்கா படம் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா நேரே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, கையில் ஏந்தி, ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து கேட்டார்:

"இஞ்ச கிணறு ஒண்டையும் காணேல்ல. இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது?"

எங்களுக்குக் காட்டப்பட்ட எல்லாவற்றிலும் அம்மாவுக்கு நம்பமுடியாததாக இருந்தது அதுதான். அவருடைய சிறுவயது முழுக்கத் தண்ணீர் சுமந்த கதை. நெடுந்தீவில் வெட்டுகிற கிணறெல்லாம் உவர், சாறாப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளில்தான் நல்ல தண்ணீர். அம்மம்மா விடியப்புறம் எழும்பிக் குடத்தோடு நடப்பார், பின்னால் அம்மாவும் ஒரு சின்னக் குடத்தோடு. கோடை முற்றினால் அந்தக் கிணற்றிலும் ஊறும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு குடம் குடிக்க, ஒரு குடம் சமைக்க, குளிப்பு உவரில். பெட்டை பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் தலைமயிரைப் பார்த்தே தீவுப் பெண் என்று சொல்லிவிடுவார்கள் என்று அம்மா சொல்வார், உவர்த் தண்ணீரில் தோய்ந்து தோய்ந்து அது செம்பட்டையாகிவிடுமாம். இப்போதும் வறண்ட வருடங்களில் அங்கே காட்டுக் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் செத்துப்போவது செய்தியில் வருகிறது.

சின்னத் தீவுகளில் நல்ல தண்ணீர் இருக்கிற விதம் எங்கும் ஒன்றுதான். பெய்கிற மழை மணலுக்கும் சுண்ணக்கல்லுக்கும் ஊடாக இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நிற்கும் என்பது கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாடும் இதே ஏற்பாட்டில்தான் வாழ்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், அது எங்கள் காலுக்குக் கீழே முழுக்க உள்ளதன் திறந்த வாய். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறும். மாலைதீவின் தீவுகளோ அதிலும் தாழ்ந்தவை, நாட்டின் மிக உயரமான இயற்கை நிலமே இரண்டரை மீற்றருக்குள். அங்கே ஒரு ரிசோர்ட்டின் குளிப்பையும் நீச்சல் தடாகத்தையும் துணி தோய்ப்பையும் நிலத்துக்கடித் தண்ணீர் தாங்கவே தாங்காது.

அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடி, தீவின் பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று வரவேற்பில் கேட்டேன். சந்தோஷமாகக் கூட்டிப்போனார்கள், பல ரிசோர்ட்டுகளில் இப்போது அப்படி ஒரு சுற்று இருக்கிறது. எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்த பொழுது அதுதான். தாழை வேலிக்குப் பின்னால் ஒரு முழு ஊர் இருந்தது. சலவைக்கூடம், தச்சுப்பட்டறை, பணியாளர் விடுதி, பள்ளிவாசல், கரப்பந்துத் திடல், ஒரு சின்னக் கடை. விருந்தினர் படகு வந்து நிற்கும் துறைக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துறை, அங்கே வெங்காய மூட்டையும் முட்டைத் தட்டும் டீசல் பீப்பாவும் இறங்கிக்கொண்டிருந்தன. தங்கியிருக்கிறவர்களைவிட வேலை செய்கிறவர்கள் கூட என்று கூட்டிப்போன பொறியியலாளர் சொன்னார்.

தண்ணீர் செய்கிற இடம் ஒரு சாதாரண தகரக் கொட்டகை. கடல்நீரை உறிஞ்சி, மண்ணும் பாசியும் வடித்து, சுமார் 60 பார் அழுத்தத்தில் சவ்வுகளுக்கு ஊடாகத் தள்ளுகிறார்கள். நூறு லீற்றர் கடல்நீர் போனால் நாற்பது லீற்றர் அளவில் நல்ல தண்ணீர், மிச்சம் ஒன்றரை மடங்குக்கும் மேலான உப்போடு கடலுக்கே திரும்புகிறது. ஆயிரம் லீற்றருக்கு மூன்று நாலு யூனிற் மின்சாரம். அந்த மின்சாரம் பக்கத்துக் கொட்டகையில் இரவும் பகலும் இரைகிற டீசல் இயந்திரங்களிலிருந்து, கொஞ்சம் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளிலிருந்து. சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்காதபடி நடுவில் மரங்களை அடர்த்தியாக வளர்த்திருந்தார்கள். அதாவது நாங்கள் முன்பக்கம் இருந்து அனுபவித்த அந்த அமைதிக்குப் பின்னால் நிற்காமல் ஓடுகிற ஒரு இயந்திரமும், அதைப் பார்த்துக்கொள்ள நித்திரை முழித்திருக்கிற ஒரு ஆளும் இருந்தார்கள். இந்தச் சவ்வுகள் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மாலேயே சாட்சி. 2014 டிசம்பர் 4 அன்று தலைநகரின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குழாயில் தண்ணீர் இல்லை, இந்தியாவும் இலங்கையும் சீனாவும் தண்ணீர் அனுப்பவேண்டி வந்தது.

எங்கள் வீட்டைச் சுத்தம் செய்கிற பெடியன் மன்னார்க்காரன் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அம்மா அக்காவைக் கூப்பிட்ட சத்தத்தில் திரும்பிப் பார்த்து, "யாழ்ப்பாணமோ அம்மா?" என்றான். அம்மா அவனை இருத்தி எள்ளுருண்டை கொடுத்துப் பூர்வீகம் முழுக்க விசாரித்துவிட்டார். அவன் சொன்ன ஒரு வசனம் எனக்குள் கனகாலம் கிடக்கும்: "எங்கட ஆக்கள் இஞ்ச வேலைக்குத்தான் வாறவை அக்கா. தங்க வந்து நான் இண்டைக்குத்தான் காணுறன்." அவன் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகச் சொன்னான். அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு வருகிற பூக்கள் கூடின, அம்மாவுக்கு மட்டும் பிளாஸ்கில் சுடுதண்ணீர் சொல்லாமலே வந்தது. ஊரில் அவன் அனுப்புகிற காசில் கல்வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறதாம், சீற் போடவேண்டியதுதான் பாக்கி.

சரி, அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், நல்லாக இருந்தன. மனதாரச் சொல்கிறேன். காலையில் மாஸுஹுனி என்று ஒன்று தருவார்கள், சூரைமீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காயும் சேர்த்துப் பிசைந்தது, மெல்லிய ரொட்டியோடு. அம்மா முதல் வாயிலேயே "இது எங்கட சம்பல்தானே" என்று சொல்லித் தட்டை நிரப்பிக்கொண்டார். சூரையை அவர்கள் வலைபோட்டுப் பிடிப்பதில்லை, தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாக இழுக்கிறார்கள், நூற்றாண்டுகளாக அப்படித்தான். வெயில் ஏறமுன் கரையோரத் தண்ணீரில் கால் வைத்தால் ஒரு முழம் நீளச் சுறாக் குட்டிகள், செட்டையின் நுனியில் கறுப்புப் புள்ளியோடு, காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். "இது பால்சுறா எல்லோ, வறைக்கெண்டே பிறந்த மீன்" என்று அம்மா சொல்ல, மன்னார்ப் பெடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இங்கே சுறா பிடிப்பதை 2010இலேயே தடைசெய்துவிட்டார்கள் என்று விளக்கினான்.

மத்தியானங்களில் மூன்று பேரும் பூவரசு நிழலில் கிடந்தோம். ஒருத்தரும் வரவில்லை. அந்த "ஒருத்தரும் வரவில்லை" என்பதன் அருமை யாழ்ப்பாணத்துக் கூட்டுச் சொந்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்குத்தான் விளங்கும். எங்களுக்கு மனிதர்கள் வேண்டாம் என்றில்லை. ஆனால் ஒரு வசனம் தொடங்கினால் அது முடியும்வரை கேற் திறக்கிற சத்தம் வராது என்ற நம்பிக்கை, அது வேறு. அப்பா இறந்த வருடம் அக்காவால் வர முடியாமல் போனதை அவர்கள் இருவரும் அதுவரை ஒருநாளும் கதைத்ததில்லை. அங்கே கதைத்தார்கள். அம்மா அழுதார், அக்கா அழுதார், பிறகு அக்கா அம்மாவின் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். நல்ல தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது என்று அம்மா அந்த நீண்ட மயிரை இரண்டு முறை தோய்ந்தார்.

மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டு நானும் அக்காவும் பவளத்தைப் பார்க்கப் போனோம். மீன்களுக்குக் குறைவில்லை, கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கறகறவென்று கேட்கிறது; அது கொறித்துக் கழிக்கிற தூள்தான் அந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு. ஆனால் பவளத்தில் பாதிக்கு மேல் சாம்பல் நிறம், உயிரில்லை. கடல் சூடேறி 1998இலும் 2016இலும் 2024இலும் வெளிறியதன் அடையாளம். அந்தப் பாறை இருக்கும்வரைதான் அலை வெளியிலேயே உடையும், தீவு நிற்கும். மேற்குப் பக்கக் கரையில் மண் மூட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தோம். காற்று மாறுகிற காலத்தில் மணல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகரும், திரும்பி வராமல் போவதும் உண்டு. நெடுந்தீவில் வீட்டு மதில்களே பவளக்கல்லை அடுக்கிக் கட்டியவைதான், அதனால் செத்த பவளம் அம்மாவுக்குப் புதிதில்லை. நீருக்கடியில் அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அங்கே ஒரு இரவு, வேறொரு வீட்டில் தங்கியிருந்த முதியவர் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்திருக்கிறது. தீவிலேயே இருந்த வைத்தியர் பார்த்து, விரைவுப் படகில் ஏற்றி, விடியமுன் மாலே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காலையில் பெடியன் சாதாரணமாகச் சொன்ன செய்தி இது. அம்மா சாப்பிடாமல் கொஞ்ச நேரம் இருந்தார். நெடுந்தீவில் பிள்ளைப்பேற்று நாள் நெருங்கினால் பெண்கள் முன்கூட்டியே கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளில் காத்திருப்பார்கள். இரவில் ஒன்று என்றால் கடற்படைப் படகைக் கேட்டுக் காத்திருக்கவேண்டும், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அம்மம்மாவும் அப்படிக் காற்றடித்த ஒரு கார்த்திகை இரவில்தான் செத்துப்போனவர்.

எனக்கு அங்கே பிடிபட்டது இதுதான். நாங்கள் காசு கொடுத்து வாங்கியது தனிமையை மட்டும் என்று நினைத்தால் அது பிழை. தனிமை எங்கள் தீவுகளில் வேண்டிய மட்டும் கிடக்கிறது, நெடுந்தீவின் 50 சதுர கிலோமீற்றர் அளவான நிலத்தில் இன்று ஐயாயிரம் பேர்கூட இல்லை. ரிசோர்ட் அந்தத் தனிமையிலிருந்து பயத்தை எடுத்துவிட்டுத் தருகிறது. குழாயில் தண்ணீர், இரவில் படகு, பக்கத்தில் வைத்தியர். இந்த மூன்றும் இல்லாததால்தான் அம்மாவின் ஆட்கள் ஒவ்வொருவராகத் தீவை விட்டு வந்தார்கள், யுத்தம் மிச்சப் பேரையும் பெயர்த்தது. தீவென்றால் அப்படித்தான், கடல் நடுவில் என்ன செய்யமுடியும் என்று நாங்கள் தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த பதில் உண்மையில்லை. அதைவிடச் சின்னத் தீவில், அதைவிடத் தூரக் கடலில், எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. விருந்தினருக்குச் செய்யமுடிந்ததை ஊர்ச்சனத்துக்கும் செய்யமுடியும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம், எங்கள் தீவுகளையும் மாலைதீவு ஆக்கலாமே, ஒரு கம்பனிக்குக் கொடுங்கள் என்று கிளம்பும். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அங்கே ரிசோர்ட் கட்டியது பெரும்பாலும் ஆளில்லாத தீவுகளில். எங்கள் தீவுகளில் ஆட்கள் இருக்கிறார்கள், கோயிலும் சேர்ச்சும் இருக்கின்றன, பூட்டிய வீட்டுக்கும் லண்டனில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், எந்தக் கரையில் யாருடைய வலைப்பாடு என்பது மீன்பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கரைக்கு வேலி போட்டால் அதற்குப் பிறகு நாங்களும் மன்னார்ப் பெடியனைப் போலச் சீருடையோடுதான் அங்கே போகலாம். மாலைதீவிலேயே 2009க்குப் பிறகு ஊர்த்தீவுகளில் சின்ன விடுதிகள் நடத்த அனுமதித்தார்கள், மாஃபுஷி போன்ற இடங்களில் ஊர்க்காரர் குடும்பங்களாக நடத்துகிறார்கள். எங்களுக்குப் பொருந்துவது அந்த வழிதான்.

தொடக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமுடியாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபிறகு, தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீற்றர். நான் மாலைதீவில் கொட்டகைக்குள் பார்த்த அதே சவ்வுகள்தான், அளவு மட்டும் பெரிது. உப்புக்கூடிய கழிவுநீர் மீன்வளத்தைப் பாதிக்கும் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் எழுப்பிய கேள்வியும் நியாயமானது, அதைத் தொடர்ந்து அளந்து வெளியில் சொல்லவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடை கொடுத்து 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. மின்சாரம் வந்தால் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் ஐஸ் வரும், ஐஸ் வந்தால் மீனுக்கு விலை வரும். வைத்தியரையும் இரவுப் படகையும் யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நாங்கள், வெளியில் இருக்கிற தீவுச்சனம், கோயில் கோபுரத்துக்குச் சேர்க்கிற காசில் ஒரு பங்கை இதற்குச் சேர்க்கலாம் என்று அக்கா சொன்னார். ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசப்போகிறாராம், பேசட்டும்.

நீங்கள் நெடுந்தீவுக்குப் போவதாக இருந்தால் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காலைப் படகில் போய், பெருக்கமரம், பழைய கோட்டை, புறாக்கூடு, குதிரை என்று ஓட்டோவில் ஓடிப் படம் எடுத்துப் பின்னேரப் படகில் திரும்பாதீர்கள். ஒரு இரவு தங்குங்கள். அங்கே ஊர்க்காரர் நடத்துகிற சின்னத் தங்குமிடங்கள் இருக்கின்றன, முதலே சொல்லிவைத்தால் மீன்குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் செய்து தருவார்கள். கேட்கிற காசைக் கொடுங்கள், தீவில் எல்லாச் சாமானும் படகில் வந்து இறங்குகிறது, கொஞ்சம் கூடத்தான் இருக்கும். குடிதண்ணீரைக் கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், குளிக்கும்போது வாளியை அளந்து அள்ளுங்கள். படகு குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து, ஒரு மணித்தியால ஓட்டம். காற்று மாறுகிற மாதங்களில் சேவை திடீரென்று நிற்கும், ஆகையால் முதல்நாளே இறங்குதுறையில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அடுத்த முறை அக்கா வரும்போது நாங்களும் அங்கேதான் போகிறோம். அம்மா காலைப் படகுக்குத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார், நடுவில் இடம் பிடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு.